குதிரைக்காரனுக்கு வைத்த பொட்டு

கற்பூரப் புகையோடு ஈரக் குங்குமத்தின் வாசனையும் சேர்ந்து வரும்போதெல்லாம், மணலூர்பேட்டையில் எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் சாய்த்து வைத்திருந்த உள்ளங்கை அகலப் படம்தான் எனக்கு நினைவுக்கு வரும். அப்பா கள்ளக்குறிச்சியில் வாங்கி வந்த பழைய மரப்பெட்டிக்குள், கண்ணாடிகூட இல்லாமல் கிடந்த வண்ண அச்சுப்படம் அது. வாளை ஓங்கியபடி குதிரைமேல் ஒருவன், பின்னால் புகையும் கொடியும், குதிரையின் காலடியில் விழுந்து கிடக்கும் ஒரு தலைப்பாகைக்காரன். குதிரையும் வாளும் போதாதா அம்மாவுக்கு? மேலே இருப்பவன் "ஐயனாரப்பன்", கீழே கிடப்பவன் அசுரன் என்று முடிவு கட்டி, வெள்ளிதோறும் குதிரைக்காரனுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டு வந்தாள்.

அப்பா ராணுவத்தில் இருந்தார். எல்லையில் சண்டை என்று டிவியில் சொன்ன கோடையில் அவரிடமிருந்து போன் வருவது நின்றுபோனது. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பூசை தினப்படி ஆனது. "எப்பா, அவர பத்திரமா வூட்டுக்கு இட்டாந்து உட்ருப்பா" என்று குதிரைக்காரனிடம் அழுவாள்.

எட்டாவது படித்த அக்கா ஒருநாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வரலாற்றுப் புத்தகத்தோடு ஓடிவந்தாள். "எம்மா, இது ஐயனாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. செவப்புக் கோட்டு போட்டுக்கினு இருக்கறான் பாரு, வெள்ளைக்கார சிப்பாய். கீழ கெடக்கறவன்தான் நம்மாளு. ஈட்டி ஒடஞ்சி, முரசு கவுந்து கெடக்குதே, தோத்துட்டாங்கன்னு அர்த்தம்."

"இன்னாடி சொல்ற?" என்ற அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. வேண்டுதலெல்லாம் கொன்றவனிடமே போய்ச் சேர்ந்திருந்தால் அப்பா வரமாட்டாரோ என்று நான் பயந்தேன். சாயங்காலம் அம்மா முந்தானையை நனைத்துக் குதிரைக்காரனின் பொட்டை அழுத்தித் துடைத்தாள்; பொட்டோடு அவன் முகமும் அழிந்தது. பிறகு கீழே கிடந்தவனின் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

"இவனுக்கும் ஒருத்தி வூட்ல வழிய பாத்துக்கினு இருந்திருப்பா" என்றாள்.

மழைக்காலம் தொடங்குமுன் அப்பா வந்துவிட்டார். பட்ட துயரமெல்லாம் பறந்துபோய் வீடே சிரித்தது. மாடத்தைப் பார்த்தவர், செத்தவனுக்கு எதற்குப் பொட்டு என்று கேட்டார். அக்கா டீச்சர் கணக்காகச் சிவப்புக் கோட்டு முதல் கவிழ்ந்த முரசு வரை விளக்கினாள். சிரித்துக்கொண்டே கேட்டவர் படத்தைக் கையில் எடுத்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இப்பிடியே கெடந்த ஒருத்தன பாத்துட்டு வந்தேன். நம்மாளு இல்ல, அந்தப் பக்கத்து ஆளு" என்றார். அதற்கடுத்த வெள்ளியிலிருந்து அந்தப் பொட்டை அவர்தான் வைத்தார்.

இன்று அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. படம் என்னிடம் இருக்கிறது. சிவப்புக் கோட்டு வெளுத்து, கொடி யாருடையது என்பதும் தெரியாமல் போய்விட்டது. இந்தச் சண்டையில் ஜெயித்தது யார் என்று என் மகள் கேட்கிறாள். குதிரைக்காரனுக்கு முகமே இல்லை. கீழே கிடப்பவனின் நெற்றியில் மட்டும் குங்குமம் ஈரமாக இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை.