சிலேட்டில் இருந்தது ஒன்று, அவள் வாசித்தது ஒன்று

கூட்டாளிகளே, பள்ளிக்கூடம் விட்டதும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

பார்த்து எழுதியே பழகிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இன்று, "நேத்து வீட்டில நடந்தத சொந்தமா எழுதுங்க மக்கா" என்றேன். பயிற்சிப் பள்ளியில் நாம் படித்த புது முறைதான்.

முன்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி (பெயர் எழுதப் பயம்) சிலேட்டை நீட்டினாள்.

"அண்ணன போலீஸ் தேடுது. அண்ணன் நெல்லுப் பத்தாயத்துக்குள்ள இருக்கான்."

மலையாள அரசிலிருந்து பிரியக் கேட்கும் தமிழ்ப் போராட்டக்காரர்களை வீடு வீடாகத் தேடும் நேரம். நான் நிமிர்ந்தால், வாசலில் பள்ளி இன்ஸ்பெக்டர். கூடவே ஒரு போலீஸ்காரர்.

எச்சில் தொட்டு அழிக்கலாமென்றால் வாயில் எச்சிலே இல்லை.

இன்ஸ்பெக்டர் சிலேட்டை வாங்கிப் புரட்டினார். அவருக்கும் போலீஸ்காரருக்கும் மலையாள எழுத்து மட்டுமே தெரியும். அவளிடமே திருப்பிக் கொடுத்து, "உரக்க வாசி மோளே" என்றார்.

அவள் சிலேட்டைப் பார்த்தபடி, திக்காமல் வாசித்தாள்: "எங்க பசு கன்னு போட்டுது. கன்னுக்கு நெத்தியில வெள்ளச் சுட்டி."

"பேஷ்!" என்று இன்ஸ்பெக்டர் அவள் தலையைத் தடவினார்; இருவரும் போனார்கள்.

அவள் வீட்டில் பசுவே கிடையாது.

இனி என்ன தலைப்பு கொடுக்க? யோசனை எழுதுங்கள், வீடு மட்டும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.