பூட்ஸ் பழக்கிய சின்னப்பையன்

பெயரை வைத்து ஆளை எடை போட்டால் ஏமாந்துதான் போவீர்கள். சின்னப்பையனுக்கு அப்போதே நாற்பது வயது, மீசையில் நரை, ஆறடிக்கு நாலு விரல்தான் குறைவு. ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் கம்பெனியில் பியூன். பியூன் வேலைக்குத் தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். கம்பெனி அவரை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் அவருடைய கால்.

கம்பெனித் துரைக்கும் அவருக்கும் ஒரே அளவு கால். அதைக் கண்டுபிடித்தவரும் துரைதான். ஒரு மழை நாளில் பியூனின் ஈரக் காலடி ஆபீஸ் தரையில் பதிந்திருந்தது. துரை தன் பூட்ஸைக் கழற்றி அதன்மேல் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. அன்று பிடித்தது சனி. சீமையிலிருந்து துரைக்குப் புது பூட்ஸ் வந்தால் முதலில் சின்னப்பையன் போட வேண்டும். புதுத் தோல் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு குதிகாலைக் கடிக்கும், சுண்டுவிரலைத் தேய்க்கும். அது இளகும்வரை நடந்து, இளகியதும் மெருகு போட்டுத் துரையிடம் கொடுத்துவிட வேண்டும். இதற்குக் கம்பெனியில் 'பூட்ஸ் பழக்குவது' என்று பெயர். அடித்தோல் தேயக் கூடாதென்று சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக நடப்பார். மூட்டை தூக்குகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"தொரை வந்துகினு கீறாரு, வழி வுடுங்கப்பா!"

கிண்டல்கூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. கொப்புளம் ஆறி, தோல் இளகி, இன்றைக்குத்தான் கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றும் அதே நாளில் கழற்றிக் கொடுத்தாக வேண்டும், அதுதான் கொடுமை. ஏழு வருடத்தில் பதினான்கு ஜோடி. கடிக்கிற பூட்ஸைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கப் பேசுவார். கடிக்காத பூட்ஸ் எப்படி இருக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. துரை மாடிப்படி இறங்கும்போது முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படி என்னதான் சுகம் இருக்கும் அதற்குள்ளே?

அவர் மனைவி பச்சையம்மா காசிமேட்டில் மீன் விற்பவள். ஒரு நாள் அவளிடம் இதைச் சொன்னார். "தொரையாண்டயே கேட்டுடேன்," என்றாள்.

"இன்னான்னு கேக்கறது? சொகமா கீதா தொரைன்னா?"

ஒன்பதாவதாக வந்தது ஒரு பழுப்பு ஜோடி. மற்றதெல்லாம் இதன் கால்தூசி பெறாது, அப்படிக் கடித்தது. இரண்டு குதிகாலும் புண்ணாகி அவர் வீட்டுக்கு வந்ததைப் பார்த்து பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மொதல்ல நீ அத்தக் கடிச்சியா? நாம கடிச்சிட்டா அது நம்மளக் கடிக்காது. தெரியாதா உனுக்கு?"

புதுச் செருப்பு வாங்கினால் எல்லாரும் செய்வதுதான். ஒப்புக்கு மெல்லப் பல்லை வைத்து எடுப்பார்கள். சீமைத் தோலுக்கு ஒப்புக்குக் கடித்தால் உறைக்காது என்று நினைத்தாரோ என்னவோ, மனிதர் வலது பூட்ஸின் குதிப் பக்கத்தை ஆத்திரம் தீரக் கடித்துவிட்டார். நான்கு பல் பதிந்தது. எத்தனை மெருகு போட்டும் மறையவில்லை. துரை பார்த்தார். பங்களா நாய் மூன்று நாள் சங்கிலியில் கிடந்தது.  சின்னப்பையன் தினம் ஒரு பொறை ரொட்டி வாங்கி அந்த நாய்க்குப் போட்டதோடு சரி.

அறுபத்தெட்டாம் வருடம் துரை சீமைக்கே திரும்பிவிட்டார். பங்களாச் சாமான்கள் ஏலம் போயின. பூட்ஸ் எல்லாவற்றையும் யானைக்கவுனியில் பழைய பூட்ஸ் வாங்கி விற்கும் காத்தூன் பீவி மொத்தமாக எடுத்துக்கொண்டார். செய்தி தெரிந்த ஞாயிற்றுக்கிழமை சின்னப்பையன் அங்கே போய் நின்றார். குவியலுக்குள் பழுப்பு ஜோடி தெரிந்தது. எடுத்தார்.

"அது வேணாம்பா, நாய் கடிச்சது," என்றார் பீவி.

"நாயி இல்ல பீவிம்மா. நான்தான்."

பீவி அவர் வாயைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். "ஏம்பா, சோறு கெடைக்கலயா?"

முழுக் கதையையும் சொல்லிவிட்டு, சின்னப்பையன் ஆசையோடு பூட்ஸுக்குள் காலை நுழைத்தார். நாலு தப்படி வைத்தார். நறுக்கென்று கடித்தது.

"இன்னாம்மா அநியாயம் இது! நான் பழக்குனது என்னியே கடிக்குது!"

பீவி அதை வாங்கி அவர் கையை உள்ளே விடச் சொன்னார். "பள்ளம் தட்டுப்படுதா? அது தொரையோட பெருவெரலு. பின்னாடி ஒரு குழி கீது பாரு, அது அவரு குதிங்காலு. நீ பதினஞ்சு நாளு நடந்தே. அந்த மன்சன் மூணு வருசம் நடந்துகீறாரு. உன் காலு அதுக்கு இன்னும் ஞாபகம் இருக்குமா?" பிறகு அடித்தோலை வளைத்துக் காட்டினார். "தையல் ஒண்ணும் வுடல. உசுரான தோலு. ஆனா நீ மொதல்லேர்ந்து பழக்கணும். வேற பாரேன்."

"பழக்கறதுதான பீவிம்மா நம்ம வேல," என்று அதையே எடுத்துக்கொண்டு வந்தார்.

விளக்கெண்ணெய் தடவினார். ஈரக் காகிதம் திணித்து வைத்தார். இந்த முறை கிடங்கில் அல்ல, வெட்டவெளியில் தெருவோடு நடந்தார். எட்டாம் நாள், புது மேனேஜர் ரகுபதி ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார். கெட்ட மனிதரல்ல, கம்பெனி வழக்கம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சின்னப்பையா, உனக்கும் எனக்கும் ஒரே சைஸாமே? இதைக் கொஞ்சம் பழக்கிக் குடுத்துடு."

சின்னப்பையன் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஒரு கால் ஒரு சமயத்தில் ஒரு பூட்ஸைத்தான் பழக்கும். இதை வாங்கினால் தன்னுடையது பழையபடி விறைத்துப் போகும். வாங்காவிட்டால் வேலைக்கே உலை.

"மன்னிக்கணும் சார். காலு காலியா இல்ல."

"எப்போ காலியாகும்?"

"இனிமே ஆகாது சார்."

ரகுபதி குனிந்து அந்தப் பழுப்பு பூட்ஸைப் பார்த்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலை போகும் என்றே சின்னப்பையன் நினைத்திருந்தார். போகவில்லை. அடுத்த வாரம் மேனேஜர் நொண்டிக்கொண்டு வந்து, "என்ன எண்ணெய் போடுவே நீ?" என்று கேட்டார்.

பங்குனி மாதம் திருவொற்றியூரில் பச்சையம்மாவின் தங்கை வீட்டில் விசேஷம். பஸ் வரவில்லை. ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து இரண்டு பேரும் நடந்தே கிளம்பினார்கள். விசேஷத்துக்கு யார் வருவார்கள், யார் முறுக்கிக்கொள்வார்கள் என்று வழியெல்லாம் பேச்சு. திருவொற்றியூர்த் தேரடி வந்தபோது உச்சி வெயில்.

"இன்னா, இன்னிக்குக் கடிக்கலியா?" என்றாள் பச்சையம்மா.

அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். பூட்ஸ் போட்டிருப்பதே அவ்வளவு தூரமும் நினைவில் இல்லை. ஏழு வருடமாக மண்டையைக் குடைந்த அந்தச் சுகம் இவ்வளவுதானா? ஒன்றுமே தெரியாமல் இருப்பதா? அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. வலிக்கிறதா என்று துரை ஒரு நாளும் கேட்டதில்லை. கல்நெஞ்சக்காரன் என்று நினைத்திருந்தார். கல்நெஞ்சம் இல்லை, கால் என்று ஒன்று இருப்பதே அந்த மனிதருக்கு நினைவில் இருந்திருக்காது. இதற்குக் கல்நெஞ்சமாகவே இருந்திருக்கலாம் என்று ஆத்திரம் பொங்கியது.

அதைச் சொல்லத் திரும்பினார். பச்சையம்மா கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு, ஒரு காலை எடுத்து மறு காலை ஊன்றி, மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். கல்மண்டபத்திலிருந்து அவளும் கூடவேதான் நடந்து வந்திருக்கிறாள்.

"காலு சுடுதா புள்ள?" என்று கேட்டார்.

கலியாணமாகி இருபது வருடத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.