பதினேழு பாகத்தில் வந்த மூச்சு

பேய் பார்த்தேன் என்று வருகிறவர்களிடம், அது எந்தத் தெருவில் குடியிருக்கிறது என்று விலாசம் கேட்கிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன். மன்னார்க் கடலில் சங்கு குளித்தே தலை நரைத்தவன். கடலுக்கு அடியில் மீன் உண்டு, பாறை உண்டு, அறுந்த வலை உண்டு, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பதுதான் என் கட்சி.

சண்டை முடிந்து கடல் திறந்த பிறகு எல்லோரும் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கினோம். கரையோரத்துச் சங்கு சீக்கிரமே மெலிந்துபோக, முள்ளிக்குளத்துக்கு நேரே வெளியே, பதினேழு பாகம் ஆழத்துக்குப் போகவேண்டி வந்தது. பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். அந்த ஆழத்தில் காற்று நின்றால் ஒரே ஓட்டமாக மேலே வரவும் முடியாது, வந்தால் ஆள் முடம். அதனால் ஒரு மாற்று மூச்சுக்கு வழி செய்தேன், என் சிலிண்டரிலேயே இன்னொரு வாய்க்குழாயைப் பூட்டினேன். என்னோடு இறங்குகிற என் கூட்டாளி நிலாம் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

“மச்சான், இது ரெண்டு வாய், ஒரு வயிறு. சிலிண்டர் முடிஞ்சா ரெண்டு வாயும் சேர்ந்துதான் பட்டினி கிடக்கும்.”

சொன்னது நியாயம்தானே. பிறகு சின்னச் சிலிண்டர் ஒன்று எடுத்தேன். அதற்குத் தனி வால்வு, தனிக் குழாய், தனி மீட்டர். முதுகில் பெரியதோடு சேர்த்து டயர் ரியூப்பால் இறுக்கி, அதன் வாய்க்குழாயை நாடிக்குக் கீழே, குனிந்தால் வாய்க்கு எட்டுகிற மாதிரி, றப்பர் வளையத்தில் தொங்கவிட்டேன். ஒரேயொரு குறை, சின்னதின் வால்வு தோளுக்குப் பின்னால் இருந்தது, என் விரல் நுனி படும், திருக முடியாது. குதிக்கிறதுக்கு முன்னால் நிலாம் திறந்துவிடுவான், அது எங்கள் வழக்கம். எங்கள் ஊர் ஓலைத்தொடுவாய்ப் பொடியன்களுக்கெல்லாம் இந்தக் கட்டைக் காட்டிப் பிரசங்கம் வைத்தவனும் நான்தான்.

அன்றைக்குக் காலை பத்து மணி, கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. படகில் இரண்டாவது வாய்க்குழாயை இழுத்துப் பார்த்தேன், காற்று நன்றாக வந்தது. படகு ஓடுகிற வேகத்தில் துள்ளும்போது காற்று சீறி வீணாகிறதே என்று வால்வை மூடச் சொன்னேன். நிலாமுக்குக் காதுக்குள் குத்து வலி, அன்றைக்கு அவன் இறங்கவில்லை. படகோட்டி சூசை அண்ணன் அவனைச் சீண்டினார்.

“காது வலியோடா, இல்லை மனிசி போட்ட சத்தமோ?”

“அந்தச் சத்தத்தை நிப்பாட்ட வால்வு எங்கையண்ணே விக்கினம்?”

சிரித்த சிரிப்போடு நான் குதித்துவிட்டேன். வால்வை ஒருவரும் திறக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

பதினேழு பாகத்தில், சங்குப் பை பாதி நிறைந்திருந்தபோது மூச்சு கனத்தது, அப்புறம் நின்றே போனது. அதற்குக் காரணம் உண்டு, பெரிய சிலிண்டரின் துரு வந்து வடிகட்டியில் அடைத்திருந்ததைப் பிறகு கழற்றிப் பார்த்தோம். நான் பதறவில்லை. இரண்டாவதைக் கடித்தேன். குழாயில் மிஞ்சியிருந்த காற்று ஒன்றரை மூச்சுக்கு வந்தது, அவ்வளவுதான். அப்போதுதான் வால்வு நினைவுக்கு வந்தது. கையைப் பின்னால் முறுக்கினேன், விரல் பட்டது, திரும்பவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது வீட்டில் ஐந்து மாதக் குழந்தை.

நம்பினால் நம்புங்கள், அந்தக் குழாயில் காற்று வந்தது.

சிலிண்டர்க் காற்று தொண்டையைக் காகிதமாக்கும், குளிராக இருக்கும். இது சூடாக இருந்தது, ஈரமாக இருந்தது, ஒருவர் வாயிலிருந்து வருகிற மாதிரி. நான் இழுத்தபோது வரவில்லை, அது விட்டபோது வந்தது. அதன் தாளத்துக்கு நான் பழகிக்கொண்டேன். நங்கூரக் கயிற்றைப் பிடித்து மெல்ல ஏறினேன். மூன்று பாகத்தில் நின்று ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை ஒன்று முழுக்கச் சொல்லவேண்டும், அதுதான் என் கடிகாரம். சொன்னேன். ஒரு மணியும் தவறவில்லை.

படகில் ஏறியதும் கேட்டேன், “வால்வைத் திறந்தது ஆர்?”

நிலாம் தடவிப் பார்த்தான். “பூட்டித்தானே கிடக்கு.”

வாய்க்குழாயைக் கடித்து இழுத்தான், கன்னம் ஒட்டியதுதான் மிச்சம். பிறகு வால்வைத் திறந்தான். மீட்டர் முள் எழும்பி, காலையில் நின்ற அதே கோட்டில் போய் நின்றது.

“டேய், முழுசாக் கிடக்கு. நீ இதில மூச்சே எடுக்கேல்லை.”

“ஆழத்து மயக்கமடா. ஒரு மூச்சில ஓடி வந்திருப்பாய்,” என்றார் சூசை அண்ணன்.

ஓடி வந்திருந்தால் இன்றைக்கு நான் நடந்து வந்து உங்களோடு கதைக்க மாட்டேன். மயக்கம் கண்ணை ஏமாற்றும், காதை ஏமாற்றும், சரி. வெறும் நெஞ்சை ஒரு செபமாலை நேரம் எப்படி ஏமாற்றும்?

நிலாமுக்குக்கூட நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. படகின் அடி தலைக்கு மேலே தெரிந்ததும் வாய்க்குழாயைக் கழற்றி, காற்று வீணாகக் கொப்புளிக்காமல் உள்ளங்கையால் பொத்தினேன், அது கைப்பழக்கம். குமிழி வரவில்லை. குழாய் என் கையை உள்ளே இழுத்தது. தோல் ஒட்டி இழுபட, ஒருதரம், நீளமாக, அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்திருந்தவர் இழுக்கிற மாதிரி. என் தலை தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டது, என் நெஞ்சு நிறையக் காற்று இருந்தது. குனிந்து அந்தக் குழாய்க்குள் ஒரு வாய் ஊதியிருக்கலாம்.

நான் கையை உதறிவிட்டுப் படகில் ஏறினேன்.