பந்துக்குப் பக்கத்தில்

தவ்ஃபீக்குக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. தண்டையார்பேட்டையில் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்து நடுவர். அங்கே அவரைக் கடைக்காரர் என்று எவரும் சொல்வதில்லை. ‘ரெஃப்ரி பாய்’தான்.

சென்ற ஆண்டு மழைக்குப் பிந்தைய ஓர் ஆட்டத்தில், ஓடியபடியே திரும்பியபோது அவருடைய வலது முழங்கால் உட்பக்கமாக மடங்கியது. உட்பக்கத் தசைநார் முழுவதும் அறுந்துவிட்டதாகப் பலர் சொன்னார்கள். அறுந்தது பாதிதான். ஆனால் அந்தப் பாதி ஓய்வுக்கும் மசியவில்லை, முட்டிப்பட்டைக்கும் மசியவில்லை. தெருமுனைக் கிளினிக்கில் வலியை அடக்கும் ஊசி போட்டார்கள். ஓடினார். அதன் வேகம் குறைந்ததும் இன்னொன்று போட்டுக்கொண்டு மறுபடி ஓடினார்.

வலி திரும்பிய ஒரு ஞாயிறன்று பந்து பெனால்டி பாக்ஸுக்குள் போய்விட்டது. தவ்ஃபீக்கால் மைதானத்தின் நடுவட்டத்தைத் தாண்ட முடியவில்லை. யாரோ ஒருவன் விழுந்தான், கூட்டம் கத்தியது, இவர் விசில் ஊதினார். அந்தப் பெனால்டியில் தோற்ற அணியின் கோல்கீப்பர் ஜெரி சண்டைக்கு வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் கிட்டே வந்து கேட்டான்:

“பாய், நீ நெஜமா பாத்தியா, இல்ல சத்தம் கேட்டு ஊதினியா?”

தவ்ஃபீக் மறுவாரமே ராயபுரத்தில் ஓர் எலும்பு மருத்துவரிடம் போனார். கையிலிருந்து ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, காயம் ஆற உதவும் பகுதியைப் பிரித்து, ஸ்கேனில் பார்த்தபடியே கிழிந்த இடத்தில் ஊசியால் செலுத்தலாம் என்றார் மருத்துவர். எல்லோருக்கும் பலிக்காது, முதலில் வலி கூடும், தன்னைக் கேட்காமல் வலி மாத்திரை போடக்கூடாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

ஊசி போட்டதும் சொன்னபடியே வலி கூடியது. காலை நீட்டி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மனைவி அஜீசா தலையில் அடித்துக்கொண்டார்.

“ஊரே வலி போவறதுக்கு ஊசி போட்டுக்குது. நீங்க துட்டு குடுத்து வலி வாங்கினு வந்துகீறீங்க!”

ஊசி போட்ட ஐந்தாம் வாரத்தில் அந்த ஆண்டுப் போட்டியின் இறுதி ஆட்டம் வந்தது. கால்பந்துச் சங்கச் செயலாளர் பொன்ராஜ் கடைக்கே வந்துவிட்டார்.

“பாய், பழைய ஊசி ஒண்ணு குத்திகினு வா. ஒரு நாளு தான? வலியே தெரியாது.”

“தெரியாதுப்பா. அதான் பேஜாரு. எங்க நிக்கணும்னு காலு சொல்லாது. நான் பாட்டுக்கு ஓடி மிச்சத்தையும் அத்துக்குவேன்.”

“ஃபைனலு பாய்!”

“வேற ஆளப் பாரு நைனா.”

இறுதி ஆட்டத்துக்கு அவர் பார்வையாளராகக்கூடப் போகவில்லை. அன்று கடையைத் திறந்து வைத்திருந்தார், வியாபாரம் இல்லை. அடுத்த வாரங்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு தொடைப் பயிற்சி, மெதுநடை, பிறகுதான் ஓட்டம். முழங்கால் பழையபடி ஆகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மாடிப்படி இறங்கும்போது இன்னும் உறுத்துகிறது. ஊசியால் ஆறியதா, ஓய்வாலும் பயிற்சியாலும் ஆறியதா என்று கேட்டதற்கு, பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

கோடையில் மறுபடி விசிலை எடுத்தார். இரண்டாம் பாதியில் நீளமாக வந்த பந்தைத் துரத்தி ஒருவன் பெனால்டி பாக்ஸுக்குள் பாய்ந்து, தடுப்பவன் கால் பக்கம் சுருண்டு விழுந்தான். கூட்டம் “பெனால்டி!” என்று எழுந்துவிட்டது. தவ்ஃபீக் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

“யோவ் பாய், கண்ணு அவிஞ்சு பூச்சா?” என்று தரையிலிருந்தே கத்தினான் விழுந்தவன்.

“உன் தலமாட்டுலதான்டா நின்னுகினு கீறேன். பந்தத்தான் தட்டினான், நீயா உழுந்த. எந்திரி.”

அவன் முனகிக்கொண்டே எழுந்தான். பந்து அதற்குள் எதிர்ப்பக்கம் போயிருந்தது. தவ்ஃபீக் அதன் பின்னால் ஓடினார்.