வரிசையில் கடைசிக் குடம்

"அப்பா, தண்ணி வராத நேரம் பைப்புக்குள்ள ஆரு இருப்பாவ?"

என் மகள் நாகம்மை ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. தெருப் பைப்பின் வாயில் காதை வைத்துக்கொண்டு கேட்டாள். "காத்து இருக்கும் மக்கா" என்றேன். அவள் நம்பவில்லை. நான் சிரித்தேன்.

அதே மாதத்தில் ஒரு ராத்திரி நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்புவதும் தள்ளுவதும் உங்கள் பாடு. நான் அய்யாவழிக்காரன். நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு பொய் எழுத எனக்குக் கை வராது.

1951ஆம் வருடம், பங்குனி. நாகர்கோவிலில் எனக்குத் தண்ணீர் வால்வு திறக்கும் வேலை. தினக்கூலிதான், நிரந்தரம் இல்லை. கோடையில் எல்லாத் தெருவுக்கும் ஒன்றாகத் தண்ணீர் விட முடியாது. ஒரு தெருவைத் திறந்தால் இன்னொரு தெருவை அடைக்க வேண்டும். அதனால் ராத்திரி முழுவதும் நடப்பேன். ஒரு கையில் அரிக்கன் விளக்கு. தோளில் வால்வுச் சாவி. சாவி என்றால் சட்டைப்பையில் போடுகிற சாவி இல்லை. ஆள் உயர இரும்புக் கம்பி, தலையில் குறுக்குப் பிடி. தெருவோரக் குழியின் மூடியைத் தூக்கி, கம்பியை உள்ளே இறக்கிச் சுற்ற வேண்டும்.

நேரம் தப்பித் திறந்தால் மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர் ஏறாது. ஓவர்சியர் முதல் நாளே சொல்லியிருந்தார்: "மணி மாறித் திறந்தா மறுநாள் இந்தப் பக்கம் வராண்டாம், கேட்டியா."

வடசேரிச் சந்தையைத் தாண்டி ஒரு ஒடுக்கமான தெரு. பெயர் வேண்டாம். அந்த வீடுகளில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர். முந்தின மாலையே பெண்கள் காலிக் குடங்களைப் பைப்பிலிருந்து வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒருத்தி வைத்த குடத்தை இன்னொருத்தி நகர்த்த மாட்டாள். முகம் பார்த்துப் பேசாத சண்டைக்காரிகள்கூட அதை மட்டும் செய்ததில்லை.

அன்று மாலை நான் அங்கே குழி மூடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, நீரு வால்வு திறக்கதுக்குள்ள எனக்குப் பேரப்பிள்ளை பிறந்திரும்" என்றாள் சத்தியபாய், குடத்தை வைத்துக்கொண்டே.

"முதல்ல ஒனக்குக் கல்யாணம் ஆவட்டும்ட்டி" என்றாள் பக்கத்தில் நின்ற தாணம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சத்தியபாய் குரலைத் தாழ்த்தினாள். "கடைசி வீட்டு ஆளுவ பைப்புப் பக்கம் வரப்பிடாது. இப்பமே சொல்லிட்டேன்."

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த வருடம் ஊரில் நடப்பு தீனம். வாந்திபேதி. ஓடைக்கரையில் இருந்த கடைசிக் குடிசையில் அது புகுந்திருந்தது. அங்கே ராகேல் என்ற பெண்ணும் அவளுடைய நாலு வயது மகளும் மட்டும்தான். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பைப்புக்கு வரும்போது இரண்டொரு தடவை பார்த்திருக்கிறேன்.

ஆறரை மணி. பெண்கள் போய்விட்டார்கள். நான் சாவியைத் தோளில் தூக்கினேன்.

ஓடைப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு மண்குடம். கிட்டே வரவில்லை. தீனம் வந்த வீட்டுக்காரர்கள் ஒதுங்கித்தான் நிற்பார்கள். அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"அண்ணே, ஒரு குடம் வெள்ளம் வேணும்."

அவர்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வார்கள்.

"இப்ப அடைச்சாச்சு தங்கச்சி. ஓடைத் தண்ணிய மட்டும் கொடுத்திராதே."

"பிள்ளைக்கு நாக்கு வறளுது. விடியுமட்டும் தாங்காது அண்ணே."

"குடத்தை வரிசையில வச்சிட்டுப் போ. திறக்கும்போ நான் இஞ்சயே நிப்பேன். ஒன் குடத்தை எவளும் தொடமாட்டா."

அவள் தலையாட்டினாள். அப்போதுதான் கவனித்தேன். சேலையில் செம்மண் அப்பியிருந்தது. ஈர மண். தலைமுடியிலும் இருந்தது. எங்காவது விழுந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மணிமேடைக் கடிகாரம் ஒன்று அடித்தபோது அந்தத் தெரு வழியாக மறுபடியும் வந்தேன். பித்தளைக் குடங்கள் விளக்கு வெளிச்சத்தில் மின்னின. எல்லாவற்றுக்கும் கடைசியில், கொஞ்சம் தள்ளி, அந்த மண்குடம். நல்லது, வைத்துவிட்டாள் என்று நினைத்தபடி அடுத்த வால்வுக்குப் போனேன்.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தேன்.

மண்குடம் வரிசையின் நடுவில் இருந்தது.

முன்னும் பின்னும் பித்தளைக் குடங்கள். அவை இம்மியும் விலகவில்லை. விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாக் கதவுகளும் அடைத்திருந்தன. ஒரு நாய்கூட இல்லை. அவள்தான் பொறுக்க முடியாமல் வந்து நகர்த்தியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் கால் கொஞ்சம் வேகமாக நடந்தது.

மூன்று அடித்தது. தெருமுனையில் திரும்பும்போதே கேட்டது.

க்ர்ர்ர்...

சரளைக்கல்லில் மண்குடம் இழுபடுகிற சத்தம்.

நின்றேன். சத்தமும் நின்றது.

விளக்கை நீட்டினேன். மண்குடம் பைப்புக்கு நேர் கீழே இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

"ராகேலா?" என்றேன். "பிள்ளே, நீயா?"

பைப்பு மட்டும்... உஸ்ஸ்ஸ்... என்றது. தண்ணீர் வரும் முன்னால் காற்று வெளியே வரும். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். இது வெளியே வருகிற காற்று இல்லை. ஏதோ ஒன்று வறண்ட குழாயை வெளியிலிருந்து உறிஞ்சியது.

ஓடியிருப்பேன். ஆனால் விடியுமட்டும் தாங்காது என்று அவள் சொன்னது காதுக்குள் கிடந்தது. ஐந்து மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம். இப்போது திறந்தால் வேலை போகும். என் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு.

"அய்யா உண்டு" என்று எங்கள் சாமியைச் சொல்லிக்கொண்டேன். விளக்கைப் பைப்படியிலேயே வைத்துவிட்டு வால்வுக் குழிக்குப் போனேன். மூடியைத் தூக்கினேன். சாவியை இறக்கிச் சுற்றினேன்.

பூமிக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

திரும்பிப் பார்த்தேன்.

விளக்கு வெளிச்சத்தில் பைப்பின் திருகு... மெல்லத் திரும்பியது.

கிறீச்...

கை இல்லை. ஆள் இல்லை.

தண்ணீர் விழுந்தது. முதலில் தொபதொபவென்று. பிறகு குபுகுபுவென்று. நிரம்ப நிரம்பச் சத்தம் மெலிந்தது.

கிறீச்...

நின்றது. ஒரு சொட்டு வெளியே வழியவில்லை.

விளக்கு அணைந்தது.

இருட்டில் வால்வை அடைத்தேன். தட்டுத் தடுமாறிப் பைப்படிக்குப் போய் விளக்கைத் தேடி ஏற்றினேன்.

மண்குடம் இல்லை.

புழுதியில் நீர்ச் சொட்டுகள். ஒன்றன்பின் ஒன்றாக ஓடைப் பக்கம் போயின. சொட்டுகள் மட்டும்தான். காலடி இல்லை.

ஏன் பின்னால் போனேன் என்று தெரியாது. கால் போயிற்று.

கடைசிக் குடிசை. ஓலைக் கதவு. வெளியிலிருந்து கயிற்றால் கட்டியிருந்தது. முடிச்சு இறுக்கமாக இருந்தது.

கயிறு ஈரமாக இருந்தது.

உள்ளே...

மடக்... மடக்... மடக்...

ஒரு பிள்ளை குடிக்கிற சத்தம்.

பிறகு அந்தக் குரல்.

"பைய குடி மக்களே. வெள்ளம் இருக்கு... பைய."

தாய் உள்ளேதான் இருக்கிறாள் என்று ஒரு மனம் சொன்னது. வெளியே கட்டிய கதவுக்குள் எப்படிப் போனாள் என்று இன்னொரு மனம் கேட்டது.

ஓடினேன்.

ஐந்து மணிக்கு வேறு வழியில்லாமல் திரும்பி வந்து வால்வைத் திறந்தேன். பெண்கள் தண்ணீர் பிடித்தார்கள். யாரும் எதையும் கண்டதாகச் சொல்லவில்லை. அப்போது சிலுவை வந்தான். தீனத்தில் செத்தவர்களை அடக்கம் செய்து, வீட்டில் சுண்ணாம்பு தெளிக்கிற ஆள். தோளில் மண்வெட்டி. கையில் ஒரு கிழிந்த பாய்.

"கடைசி வீட்டுக்கா?" என்றேன்.

"ஆமாண்ணே. அந்தப் பிள்ளைய எடுக்கணும். நேத்தே மூச்சு இல்லாத மாதிரிதான் கிடந்துது. சாயங்காலம் வரலாம்னு கதவைக் கெட்டிட்டுப் போனேன். வேற ரெண்டு குழி வெட்ட வேண்டியதாப் போச்சு."

"பிள்ளையவா? தாய் எங்க?"

"ராகேலா? நேத்துக் காலம்பறவே போயிட்டாளே. பயந்து தெருவுல ஒருத்தரும் எட்டிப்பாக்கல்ல. பத்து மணிக்கு நாந்தான் குழியில இறக்குனேன். மண்ணு இறுகிக் கிடந்துது. தண்ணி ஊத்தி ஊத்தி வெட்டுனேன்."

நான் அவளோடு பேசியது மாலை ஆறரைக்கு.

அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு குடிசைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் ஓடி வந்தான். பாய் கையில் இல்லை. பிள்ளை இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தது. உதடு ஈரம். சட்டையின் முன்பக்கமெல்லாம் ஈரம்.

"அண்ணே, இதுக்குத் தண்ணி கொடுத்தது ஆரு?" என்றான். "கயித்துக் கெட்டு நான் கெட்டுனபடியே இருக்கு. உள்ள தண்ணி மோக்க ஒரு தேங்காச் சிரட்டைகூடக் கிடையாது. அந்த வீட்டுக் குடம், சட்டி எல்லாத்தையும் நேத்து நான்தான் இந்தக் கையால அடிச்சு உடைச்சேன்."

பிள்ளை பிழைத்துக்கொண்டது.

எட்டு மணிக்கு ஓவர்சியரிடம் நானே போய்ச் சொன்னேன். யாருக்காக என்று மட்டும் சொல்லவில்லை.

"மூணு மணிக்குத் திறந்தியா? எதுக்குடே?"

"ஒரு குடம் தண்ணிக்கு."

அவர் சுவர் மூலையைக் காட்டினார். "சாவிய வச்சிட்டுப் போ" என்றார்.

ஒருவர் தண்ணீர் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கேட்பவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று பார்க்க வேண்டாம். இத்தனை வயதில் எனக்குத் தெரிந்த தர்மம் அவ்வளவுதான்.

மறுநாள் விடிவதற்குள் என் மனைவி செல்லத்தாய் என்னை உலுக்கி எழுப்பினாள்.

"இஞ்ச பாருங்க. குடத்தை நீங்களா எடுத்துட்டு வந்திய?"

வெளியே வந்தேன். முந்தின மாலை எங்கள் தெருப் பைப்படியில் செல்லத்தாய் வரிசையில் வைத்த குடம், எங்கள் வாசலில் இருந்தது. விளிம்புவரை தண்ணீர். தொட்டால் சில்லென்றது. அடியில், பித்தளையின் மேல், கொஞ்சம் செம்மண் ஒட்டியிருந்தது.

தெருவில் மற்ற குடங்கள் எல்லாம் காலியாகவே வரிசையில் நின்றன. எங்கள் தெருவுக்கு அன்று தண்ணீர் விடவே இல்லை. வால்வைத் திறக்க வேண்டிய நான் வீட்டில் படுத்திருந்தேன்.