நான் டீசல் என்று சொன்னது

வண்டி முதலாளி நின்றார். கம்பெனி இன்ஜினியர் நின்றார். டிப்பர்க்காரர் ஒருவர் நின்றார். மெக்கானிக் நான் நின்றேன். நாங்கள் நாலு பேரும் பொக்லைனை ஒட்டி நின்றோம். டிரைவர் மட்டும் பத்தடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு.

இது நேற்றுக் காலை, ராஜபாளையம் ரோட்டுப் பக்கம். இன்ஜினியர் போனில் பார்த்தே, புகைபோக்கியில் இரண்டாவது சென்சார் சூட்டைத் தப்பாகக் காட்டுகிறது என்று சொல்லிவிட்டார். நான் டிரைவரைப் பார்த்தேன். பழி யார் தலையில் விழும் என்று தெரியாதவன் அப்படித்தான் நிற்பான். பல வருஷத்துக்கு முன்னால் முத்தையாவும் அப்படித்தான் நின்றான்.

முத்தையாவுக்கு மேலநீலிதநல்லூர். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை. பொக்லைன் ஓட்டினால் வரப்பில் சீப்புப் போட்டு வாரியது மாதிரி இருக்கும். அவன் ஓட்டிய வண்டி புளியங்குடி மண்டிக்கார அண்ணாச்சியுடையது. எலுமிச்சை வியாபாரம். கடன் வாங்கிப் புது வண்டி எடுத்திருந்தார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த கையோடு, சங்கரன்கோவிலுக்கு வடக்கே ஒரு குளம் தூர்வார வண்டி வந்து இறங்கியது.

அப்போதுதான் இந்த மாதிரி வண்டிகள் எங்கள் பக்கம் வர ஆரம்பித்த நேரம். நான் பழைய இன்ஜினில் தொழில் படித்தவன். எட்டாம் வகுப்போடு சரி. நாலு சிலிண்டரில் எது வேலை செய்யவில்லை என்று பார்க்க, நாலின் புகைக்குழாயிலும் தண்ணீர் தெளிப்போம். மற்ற இடத்தில் சுர்ரென்று ஆவியாகும். ஒன்றில் மட்டும் சும்மா வழியும். அதுதான் கோளாறு. ஒரு சொம்புத் தண்ணீர் போதும்.

புது வண்டியில் சைலன்சருக்குப் பதில் பெரிய டிரம் ஒன்று இருக்கும். அதில் வரிசையாக மூன்று சென்சார். பென்சில் தடிமன்தான். சூடு எவ்வளவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. சூடு ஏற ஏற ஓம், அதாவது மின்தடை, ஏறும். ஒன்று தப்பாகச் சொன்னாலும் கம்ப்யூட்டர் பயந்துபோய் இன்ஜினை அடக்கிவிடும். வண்டி நொண்டும். மனுஷனும் அப்படித்தானே, ஒருத்தன் தப்பாகச் சொன்னால் போதும். அதற்குத்தான் வருகிறேன்.

வண்டி நொண்டியது. நான் போனேன். நடு சென்சார் என்று கம்ப்யூட்டர் காட்டியது. மூடியைத் திறந்தேன். டிரம்முக்கு மேலே கொக்கியில் கம்பியில் கோத்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. கண் திருஷ்டிக்கு. முன்னால் கட்டினால் ஆட்டத்தில் விழுந்துவிடுகிறது என்று அண்ணாச்சி உள்ளே கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் மண்டியில் நல்ல பழமாகப் பார்த்து எடுத்து வந்து, அவர் கையாலேயே கட்டுவார். எனக்குக் கை போக இடைஞ்சலாக இருந்தது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒதுக்கிவிட்டேன். சென்சாரை மாற்றினேன். வண்டி ஓடியது.

ரெண்டே நாள். மறுபடி நொண்டியது. அண்ணாச்சி போன் பண்ணினார். நான் அப்போது ஒரு டிராக்டருக்கு அடியில் கிடந்தேன்.

"புதுசு மாட்டியும் இழுக்கலையேவே. என்ன காரணம்?"

"டீசலா இருக்கும் அண்ணாச்சி."

அவ்வளவுதான் சொன்னேன். போனை வைத்துவிட்டு நட்டை முறுக்கினேன்.

டீசல் ஊற்றுவது டிரைவர். பாதியை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிற ஆட்களும் உண்டு. அண்ணாச்சி அதைத்தான் நினைத்திருக்கிறார். அன்றைக்கே சாவியை வாங்கிவிட்டார். வேறு ஆள் போட்டார். அவனுக்கும் வண்டி நொண்டியது. முந்தினவன் கெடுத்து வைத்துவிட்டான் என்று அதற்கும் ஒரு பேச்சு. எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது. யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் முத்தையா ஷெட்டுக்கு வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்து ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அவன் சண்டை போடவில்லை.

"அண்ணே, டீசல்னு சொன்னியளாமே."

"ஆமா."

"பாத்துட்டா சொன்னிய?"

கீழே வைத்த ஸ்பேனரை எடுத்துத் துடைத்தேன்.

"ஒரு சொட்டு நான் தொட்டதில்லண்ணே. டீசல் திருடன்னு பேராயிட்டு. நாலு எடத்துல கேட்டுட்டேன். ஒருத்தரும் சாவியத் தர மாட்டேங்காவ."

டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டான். அந்த டீயையும் நான்தான் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

மறுநாள் விடிந்ததும் குளத்துக்குப் போனேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டி. மூன்று சென்சாரும் ஒரே சூட்டைத்தான் காட்ட வேண்டும். ஸ்டார்ட் பண்ணிவிட்டால் இது தெரியாது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. அண்ணாச்சிக்குச் சொல்லியிருந்தேன். பால்காரரின் பைக்கில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

சாவியை மட்டும் திருப்பினேன். இன்ஜினைக் கிளப்பவில்லை. முதல் சென்சார் இருபத்தெட்டு டிகிரி. மூன்றாவதும் இருபத்தெட்டு. நடுவில் உள்ளது தொண்ணூற்று நாலு.

"வண்டி பச்சத்தண்ணியா கெடக்கு, அதுல எப்படிவே இவ்வளவு சூடு?" என்றார் அண்ணாச்சி.

சென்சாரையும் வயரையும் இணைக்கிற பிளக்கைக் கழற்றினேன். சென்சாரில் மட்டும் மீட்டர் வைத்தேன். சரியாக இருந்தது. அப்படியென்றால் வயர் பக்கம். பிளக்கின் வாயை வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே பச்சை பூத்திருந்தது. மோந்து பார்த்தேன். நீங்கள் ஊறுகாய் ஜாடியைத் திறந்திருப்பீர்கள். அந்த வாடை.

"என்னதுவே?"

நான் மேலே பார்த்தேன். அவரும் பார்த்தார். வெள்ளிக்கிழமைப் பழம். டிரம் சூட்டில் வெந்து, கம்பி வழியாக ஒழுகி, நேரே அந்தப் பிளக்கில் இறங்கியிருந்தது. அரித்த இடத்தில் ஓம் கூடும். கம்ப்யூட்டர் அதைச் சூடு என்று நம்பும். புது சென்சார் மாட்டியபோது உரசியதில் பச்சை கொஞ்சம் உதிர்ந்து, ரெண்டு நாள் ஓடியிருக்கிறது.

"டீசல் இல்லையா?"

"இல்ல அண்ணாச்சி. நான் பாக்காம சொன்னது."

அவரே எட்டிக் கம்பியை அவிழ்த்தார். பழத்தைக் கீழே போடவில்லை, வேட்டி மடியில் வைத்துக்கொண்டார். போனை எடுத்தார்.

"ஏலே முத்தையா, வண்டி சரியாயிட்டு. வாலே."

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலும் வரவில்லை, என் வாயிலும் வரவில்லை. பிளக்கை வெட்டிப் புதுசு போட்டேன். முத்தையா பஸ் பிடித்து வந்தான். முதலில் டீசல் டேங்கின் மூடியைத் திறந்து அண்ணாச்சிக்குக் காட்டினான். அவர் குனிந்து பார்க்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டார். அப்புறம்தான் இவன் வண்டியில் ஏறினான்.

அண்ணாச்சி போனபிறகு கேட்டேன். "பழம் ஒழுகுறத நீ பாக்கலையாலே?"

"பாத்தேன்."

"சொல்ல வேண்டியதுதான?"

"மொதலாளி சாமிய நெனச்சிக் கட்டுனது. அத நான் எப்படிண்ணே நொட்ட சொல்ல? நீங்களும் கண்ணுல ஒத்திட்டுத்தான ஒதுக்குனிய!"

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வண்டி இப்போது இல்லை, விற்றாயிற்று. முத்தையா கேரளாவில் குவாரியில் ஓட்டுகிறான் என்று கேள்வி. மெக்கானிக் சொன்னால் மறுபேச்சு இல்லாத காலமும் போய்விட்டது. இன்று எதைச் சொன்னாலும், போன்ல என்ன காட்டுதுன்னு பாருங்க என்கிறார்கள். சக தொழில்காரர்கள் இதற்கு வருத்தப்படுகிறார்கள். நான் வருத்தப்படவில்லை. நேற்றும் என்னிடம் யாரும் காரணம் கேட்கவில்லை. நானாகப் போய் அந்த டிரைவரிடம், உம் மேல தப்பில்ல, பாத்துட்டேன், வயருதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முத்தையா வேலையில்லாமல் வீட்டில் இருந்த நாள் பதினொன்று.