பாகீரதியின் வலது கால்

யாராவது பேச ஆரம்பித்தால் பாகீரதியின் வலது கால் தரையை அழுத்தும். பஸ் நிறுத்தத்தில் வழி கேட்பவர், கோயிலில் சுண்டல் தருகிற மாமி, யாராயிருந்தாலும் சரி. அவர்கள் பேசி முடித்ததும்தான் கால் எழும்பும். வலது செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகிறதென்று செருப்புக் கடைக்காரரிடம் குறைப்பட்டுக்கொள்வாள்; காரணத்தைச் சொல்ல மாட்டாள்.

இது தொழில் தந்த வியாதி. அல்சூர் பக்கம் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அவளுக்கு வேலை. அமெரிக்க டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். ஹெட்போனில் கேட்டு அதை டைப் அடிக்க வேண்டும். கைகள் ஓய்வில்லாமல் அடித்துக்கொண்டிருப்பதால் குரலை ஓட்டுவதும் நிறுத்துவதும் காலின் பொறுப்பு. மேஜைக்கடியில் ஒரு பெடல் இருக்கும். நடுவில் அழுத்தினால் குரல் ஓடும். வலப்பக்கம் அழுத்தினால் முன்னே தாவும். இடப்பக்கம் அழுத்தினால் பின்னால் போய், சொன்னதையே மறுபடி சொல்லும்.

காதில் விழாததை எழுதக் கூடாது என்பது அங்கே விதி. ஒரு சொல் புரியாவிட்டால் கோடு போட்டு இடம் விட வேண்டும். இதுவாகத்தான் இருக்கும் என்று நிரப்பக் கூடாது. மற்றவர்கள் அவசரத்தில் நிரப்பிவிடுவார்கள். பாகீரதி மாட்டாள். அவள் அடித்ததைச் சரிபார்க்கிறவள் பக்கத்து நாற்காலி லாவண்யா. ஆம்பூர்ப் பெண், பாகீரதியைவிட ஏழெட்டு வயது சின்னவள், ஓயாத வாய். "பாகிக்கா ஃபைலா? கண்ண மூடினு அனுப்பிடலாம்" என்பாள். அந்த மாடியில் பாகீரதியை 'மேடம்' என்று கூப்பிடாத ஒரே ஆள். ஆறு வருஷமாக இருவரும் ஒரே டிபன் பாக்ஸ் மூடியில் ஊறுகாய் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

வீடு ஜோகுபாளையத்தில். அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற அப்பா அனந்தபத்மநாபனும் அவளும் மட்டும். அந்த வீட்டில் யாரும் யாரையும் அதட்டியதில்லை, கொஞ்சியதும் இல்லை. அம்மா போய்க் காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, அப்பா அங்கவஸ்திரத்தை மடித்து வைத்துவிட்டு, "நாளைலேர்ந்து பால் ஒரு பாக்கெட் போறும்" என்றார். "சரிப்பா" என்றாள் பாகீரதி. அப்பாவும் பெண்ணும் துக்கத்தைப் பகிர்ந்துகொண்டது அவ்வளவுதான்.

விடிகாலை ஷிஃப்ட் முடிந்து மதியம் வீடு திரும்பும் வழியில் பெர்னார்டின் பிரௌசிங் சென்டரில் நுழைவாள். பிளைவுட் தடுப்புக்குள் ஒரு மணி நேரம். மாப்பிள்ளை தேடுகிறாள் என்று பெர்னார்டுக்கு நினைப்பு. "என்ன மேடம், எதனா அமைஞ்சுதா?" என்று கரிசனமாகக் கேட்பார். அவளும் தலையை ஒரு மாதிரி ஆட்டிவைப்பாள்.

உள்ளே அவள் எழுதிக்கொண்டிருப்பது கதை. ஜப்பானியப் படக்கதை ஒன்றில் அவளுக்குப் பைத்தியம். அதன் ரசிகர்கள், மூல ஆசிரியர் சொல்லாமல் விட்டதையெல்லாம் தாங்களே கதையாக எழுதி ஒரு இணையதளத்தில் போடுவார்கள். பாகீரதியும் புனைபெயரில், இங்கிலீஷில் எழுதுகிறாள். அவளுடைய ஆள் இசுமோரி. பனிமலைக் கணவாயில் காவல் இருக்கிற கேப்டன். எது நடந்தாலும் முகத்தில் காட்டாத கல்லுளிமங்கன். மற்ற ரசிகர்கள் அவரை எழுத எடுத்தால் இரண்டாவது அத்தியாயத்திலேயே மழையில் நிற்கவைத்து அழவைத்துவிடுவார்கள். பாகீரதிக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுடைய இசுமோரி, தம்பி செத்துப்போன சேதி வந்த அன்று, கோட்டைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார். கிறீச்சிடாமல் போன பிறகும் விட்டுக்கொண்டே இருந்தார். அதைப் படித்துவிட்டு மணிலாவில் ஒரு பெண் ஆபீஸ் கழிவறைக்குள் போய் அழுதாளாம்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் லாவண்யா, "பாகிக்கா, அவருக்கு மஸ்கட்ல வேல கெடச்சிருக்கு. அடுத்த மாசம் கெளம்பறோம்" என்றாள். பாகீரதியின் கால் தரையை அழுத்தியது, எழும்பவில்லை.

"அங்க வெயில் ஜாஸ்தி இருக்கும்" என்றாள்.

லாவண்யா மேலே ஏதாவது வருமா என்று பார்த்தாள். பிறகு டிபன் பாக்ஸை மூடினாள்.

லாவண்யா போய்விட்டால் அந்த ஊரில் பாகீரதிக்கென்று ஒருவரும் இல்லை. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். போவதற்குள் ஒரு தடவையாவது இதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பதும் தெரியும். சொல்லத்தான் பழக்கமில்லை, பாவம்.

அதனால் இசுமோரியைச் சொல்லவைத்துப் பார்த்தாள். படக்கதையில் கேப்டனின் ஒரே தோழன் ஹாரு, தெற்கே மாற்றலாகி ஒரே ஒரு சின்னப் படத்தில் கிளம்பிப் போய்விடுகிறான். அந்த வழியனுப்பலை இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டிருந்தவள் இப்போது எழுதினாள். கோட்டை வாசலில் இசுமோரி, "போகாதே. நீ போனால் இங்கே பனிதான் மிச்சம்" என்றார். அதை இணையத்தில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பார்த்தால் வாசகர்கள் ஒரே ரகளை. இது எங்கள் இசுமோரியே இல்லை என்றார்கள். மணிலாப் பெண் மட்டும் தன்மையாக எழுதியிருந்தாள்: 'அவர் இதைச் சொல்ல மாட்டார். ஹாருவின் குதிரைச் சேணத்து வாரை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். அது போதும், நாங்கள் புரிந்துகொள்வோம்.' பாகீரதியால் மறுக்க முடியவில்லை. அவள் பழக்கிவைத்த வாசகர்கள்தானே. பேச்சை எடுத்துவிட்டு வாரை இழுக்கவைத்தாள். பாராட்டு குவிந்தது. ஹாரு புரிந்துகொண்டானா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கடைசி வாரத்தில் லாவண்யா ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவளைத் தோளில் தட்டினாள். "பாகிக்கா, இந்தத் தாத்தா ஃபைல பாரு. 'எல்லோரும் போன பிறகும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்'னு அடிச்சி வெச்சிக்கீற. நான் திருப்பித் திருப்பிக் கேட்டுட்டேன். டாக்டர் அப்டி சொல்லவே இல்ல."

பாகீரதி எட்டிப் பார்த்தாள். முழங்கால் வலியென்று வந்த யாரோ ஓர் அமெரிக்கக் கிழவரின் குறிப்பு. நடுவில் அந்த ஒரு வரி. அடித்தது ஞாபகமே இல்லை.

"தூக்கம் போறல" என்றாள்.

லாவண்யா அந்த வரியை அழித்தாள். மேலே யாருக்கும் சொல்லவில்லை. "எங்கிட்ட எதனா சொல்லணுமாக்கா?"

சங்கடம் வந்தால் பாகீரதி ஊர்ப் பாஷையான கன்னடத்தில் ஒளிந்துகொள்வாள். "ஏனூ இல்லா" என்றாள். ஒன்றுமில்லையாம்.

கிளம்புகிற நாளன்று ஆபீஸ் வாசலில் ஆட்டோ நின்றது. லாவண்யா தோளில் பெரிய பை. பாகீரதி கிட்டே போய்ப் பையின் வாரை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"அது நல்லாத்தான்கா கீது. அறுந்துலாம் போவாது" என்றாள் லாவண்யா.

"தண்ணி பாட்டில் எடுத்துண்டியா?"

"எடுத்துகினேன்."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். லாவண்யா தலையை வெளியே நீட்டினாள். கண் சிவந்திருந்தது. "நான் அழுத அன்னிக்கெல்லாம் பக்கத்துல உக்காந்துனு இருந்தது நீ ஒருத்திதான்கா. தெரியுமா உனுக்கு?"

ஆட்டோ பழைய மெட்ராஸ் ரோட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது. அவள் சொன்னது ஒரு சொல் விடாமல் தெளிவாகத்தான் கேட்டது. ஆனாலும் பாகீரதி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அவளுடைய வலது கால் நடைபாதைக் கல்லின்மேல் மெல்ல இடப்பக்கம் நகர்ந்து அழுத்தியது. எடுத்தது. மறுபடி அழுத்தியது.